தண்ணீர் எங்கிருந்து வருகிறது?



போன இதழ் நான்கு நாள் தாமதமாகத்தான் உங்கள் கைக்கு வந்தது. ராபர்ட்சன்பேட்டையிலிருந்தும் மாரிக்குப்பத்திலிருந்தும் போன் மேல் போன். 'என்ன சார், கடையை மூடிட்டீங்களா?' என்றுகூட ஒருவர் கேட்டார். அச்சகத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் இத்தனை வருடமாக இந்தப் பக்கத்தை வாசிக்கிறவர்களிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை.

நம் அலுவலகக் கம்ப்யூட்டரில் இடம் தீர்ந்துபோய்விட்டது. அதுதான் காரணம்.

கேட்டால் சிரிப்பீர்கள். 'இடம் இல்லேன்னா எதையாவது டெலீட் பண்ண வேண்டியதுதானே?' என்பீர்கள். நாங்களும் அதைத்தான் செய்தோம். தப்பும் அங்கேதான் ஆரம்பித்தது. எங்களுக்கு நடந்தது உங்கள் வீட்டிலும் நடந்துகொண்டிருக்கலாம் என்பதால் இந்த மாதம் பக்கம் முழுவதையும் இதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு வியாழக்கிழமை மாலை. பக்கங்கள் எல்லாம் தயார். வடிவமைக்கிற தம்பி 'சேவ்' கொடுக்கிறான், ஆகவில்லை. 'டிஸ்க் ஃபுல்' என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது. 'மை கம்ப்யூட்டர்' போய்ப் பார்த்தால் சி டிரைவுக்குக் கீழே இருக்கும் நீலக் கோடு சிவப்பாகிவிட்டது. மொத்தம் 238 ஜிபி. மிச்சம் 200 எம்பி கூட இல்லை.

அவசரம் வந்தால் நம் கை எங்கே போகும்? கண்ணுக்குத் தெரிகிற ஃபோல்டருக்குத்தானே? பழைய விளம்பரங்கள், பழைய பண்டிகை மலர்கள், 'நியூ ஃபோல்டர் 3' என்று பெயர் கூட வைக்காமல் கிடந்தவை என்று 40 ஜிபி தூக்கினோம். சீக்கிரம் ஆகட்டும் என்று ரீசைக்கிள் பின்னுக்கும் அனுப்பாமல், ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு டெலீட். கோடு மறுபடி நீலமானது. நான்கு நாள் தாமதமாகவாவது இதழ் அச்சுக்குப் போனது. டீ குடித்தோம்.

பத்தே நாள். மறுபடி சிவப்பு.

அந்தப் பத்து நாளில் நாங்கள் புதிதாக எதையும் ஏற்றவில்லை. நாலைந்து கட்டுரை, ஏழெட்டு போட்டோ, அவ்வளவுதான். கட்டுரை என்பது கம்ப்யூட்டருக்கு ஒரு தூசு. நீங்கள் இப்போது படிக்கிற இந்தப் பக்கம் ஒரு எம்பியில் பத்தில் ஒரு பங்குகூட வராது. பிறகு 40 ஜிபியை யார் தின்றது?

இதற்கு நடுவில் இன்னொரு இடி. 'நியூ ஃபோல்டர் 3' என்று சொன்னேனே, அதில் என்ன இருந்தது என்று அப்போதுதான் தம்பிக்கு ஞாபகம் வந்தது. நம் ஊர்த் தங்கச் சுரங்கம் மூடிய நாளை ஒட்டிப் பிப்ரவரியில் கொண்டுவரப்போகும் சிறப்பிதழுக்காக உங்களில் பலர் வீட்டு டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொடுத்த போட்டோக்கள். ஹெல்மெட்டும் லாந்தருமாக நிற்கிற தாத்தாக்கள். சாம்பியன் ரீஃப் லைன் வீட்டு வாசலில் எடுத்த கல்யாணப் படங்கள். ஸ்கேன் செய்து, அசலைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். ஸ்கேனைத்தான் இப்படி அழித்துவிட்டோம்.

'டெலீட் ஆனதை மீட்கலாம்ணா, சாஃப்ட்வேர் இருக்கு' என்று தம்பி இரண்டு நாள் போராடினான். ஒன்றும் வரவில்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு கோப்பை அழித்தால் பட்டியலிலிருந்து பெயர் மட்டும்தான் போகும். அதன் மேல் வேறு எதையாவது எழுதும்வரை உள்ளே சரக்கு அப்படியே இருக்கும். அதனால் மீட்க வழி உண்டு. இப்போது வரும் எஸ்எஸ்டி அப்படியில்லை. 'இந்த இடம் இனி வேண்டாம்' என்று விண்டோஸ் சொன்னதும், வேகத்துக்காக அது அந்த இடத்தை உண்மையாகவே துடைத்து வைத்துவிடும். துடைத்த பலகையில் எழுத்தைத் தேடி என்ன பயன்?

பாதிக்கு மேற்பட்ட படங்கள் நல்லவேளையாக ஒரு பென் டிரைவில் இருந்தன. மீதிக்காகப் பதினோரு வீட்டுப் படியேறி, தலையைச் சொறிந்துகொண்டு மறுபடி கேட்டோம். ஒரு வீட்டில்கூட முகம் சுளிக்கவில்லை. காபியும் கொடுத்தார்கள். அந்தப் பதினோரு வீட்டாருக்கும் இங்கே கைகூப்பிக்கொள்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இரண்டாவது தடவை கோடு சிவந்தபோது ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தோம். 12 ஜிபி கிடைத்தது. தம்பி உடனே அடுத்த ஃபோல்டரை வெட்டக் கிளம்பினான். அப்போது நம் மெய்ப்பு பார்க்கும் பெரியவர் கண்ணாடியைக் கழற்றாமலே ஒரு கேள்வி கேட்டார்.

உங்களில் சிலருக்கு அவரைத் தெரிந்திருக்கும். சுரங்கத்தில் பம்ப் வேலை பார்த்தவர். கம்ப்யூட்டரைத் தொடமாட்டார், எங்கள் ஒற்றுப்பிழைகளை மட்டும் சிவப்புப் பேனாவால் தொடுவார்.

'ஏம்ப்பா, தண்ணி ஏறிக்கிட்டே இருக்குன்றே. எந்த லெவல்லேர்ந்து வருதுன்னு பாத்தியா? எவ்ளோ நேரத்துக்கு எவ்ளோ ஏறுதுன்னாச்சும் தெரியுமா?'

தம்பி திருதிருவென்று விழித்தான். பெரியவர் விடவில்லை. 'நாங்க சம்ப்புல சாக்பீஸ்ல கோடு போட்டு வைப்போம். ஷிஃப்ட் ஏறும்போது ஒண்ணு, இறங்கும்போது ஒண்ணு. ரெண்டு கோட்டுக்கும் நடுவுல எவ்ளோன்னு தெரிஞ்சாத்தானே எங்கயோ புதுசா உடைச்சிருக்குன்னு தெரியும்? சும்மா பம்ப்பையே ஓட்டிக்கிட்டிருந்தா?'

தண்ணீரைப் பற்றி இந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கம். பாறைக்குள்ளிருந்து கசிகிற தண்ணீரை மட்டம் மட்டமாக மேலே ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடினார்கள். பிறகு பம்புகள் நின்றன. தண்ணீர் தன் பாட்டுக்கு ஏறியது. இன்று அந்த ஷாஃப்டுகளுக்குள் இருப்பது தங்கம் பாதி, தண்ணீர் பாதி என்று ஊரில் கேலியாகச் சொல்வோம். தண்ணீர் இருப்பது மட்டும் நிச்சயம்.

பெரியவர் சொன்னதை அப்படியே செய்தோம். ஒரு பழைய நோட்டை எடுத்து, காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் சி டிரைவில் மிச்சம் எவ்வளவு என்று எழுதினோம். மாலையில் அணைக்கும் முன் இன்னொரு தடவை.

திங்கள் காலை 11.6. மாலை 7.5. செவ்வாய் காலை 7.5. மாலை 3.4.

பாருங்கள், இந்த நான்கு எண்ணுக்குள் எவ்வளவு சேதி இருக்கிறது! ராத்திரி அணைத்து வைத்திருக்கும்போது ஒன்றும் குறையவில்லை. ஓடும்போது மட்டும் ஒரு நாளைக்கு நான்கு ஜிபி, சீராக. செவ்வாய்க்கிழமை தம்பி பாதி நாள் வரவே இல்லை. கம்ப்யூட்டர் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கும் அதே நான்கு. ஆக, ஆள் சேர்க்கிற குப்பை இல்லை இது. உள்ளே ஒன்று தானாக, நிற்காமல் எழுதிக்கொண்டிருக்கிறது.

அடுத்து, அது எந்த மட்டத்தில் இருக்கிறது? சி டிரைவைத் திறந்து, கண்ணுக்குத் தெரியும் எல்லா ஃபோல்டரையும் தேர்ந்தெடுத்து 'ப்ராப்பர்ட்டீஸ்' பார்த்தோம். 131 ஜிபி. டிரைவோ 238-இல் ஏறக்குறைய எல்லாம் தீர்ந்துவிட்டது என்கிறது. நடுவில் நூறு ஜிபிக்குக் கணக்கே இல்லை! இந்த இடத்தில்தான் பலர் 'வைரஸ்' என்று முடிவுகட்டி, மொத்தத்தையும் ஃபார்மட் செய்யக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். விண்டோஸ் சில ஃபோல்டர்களை நம் கண்ணில் படாமல் ஒளித்துத்தான் வைத்திருக்கிறது. தெரியாமல் நாம் கைவைத்துவிடக் கூடாது என்று செய்த ஏற்பாடு அது. 'வியூ' மெனுவில் 'ஹிடன் ஐட்டம்ஸ்' என்பதை டிக் செய்தால் அவற்றில் பல தலைகாட்டும்.

இதற்கென்றே இலவச மென்பொருள்களும் இருக்கின்றன. வின்டிர்ஸ்டாட் என்று ஒன்று, இருபது வருடத்துக்கு மேலாக இருக்கிறது. ட்ரீசைஸ், விஸ்ட்ரீ என்று வேறு சிலவும் உண்டு. டிரைவ் முழுவதையும் அலசி, எந்தக் கோப்பு பெரிதோ அதைப் பெரிய கட்டமாக, சின்னதைச் சின்னக் கட்டமாக, வண்ண வண்ணமாக ஒரே படத்தில் வரைந்து காட்டும். நிலத்தைப் பங்கு போட்ட வரைபடம் மாதிரி இருக்கும். நிர்வாகி உரிமையோடு, அதாவது 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறந்தால் ஒளிந்திருப்பதையும் எண்ணும்.

தம்பி அதை ஓடவிட்டான். திரையில் மூன்றில் ஒரு பங்கு இடத்துக்கு ஒரே நிறத்தில் ஒரே ஒரு கட்டம். ஒரே கோப்பு. 69 ஜிபி.

'லாக்' கோப்பு அது. லாக் என்றால் மென்பொருள்கள் தமக்குத் தாமே எழுதிக்கொள்ளும் நாட்குறிப்பு. வாட்ச்மேன் நோட்டு என்று வைத்துக்கொள்ளுங்களேன். 'பத்து மணிக்குத் திறந்தேன், பத்து ஐந்துக்கு இன்னார் வந்தார்' என்று எழுதிக்கொண்டே போவது. சாதாரணமாகச் சில எம்பிக்கு மேல் வளராது. நோட்பேடில் திறக்கப் பார்த்தோம், இவ்வளவு பெரியதைத் திறக்க மாட்டேன் என்றுவிட்டது. தம்பி ஏதோ கட்டளை அடித்துக் கடைசி இருபது வரியை மட்டும் வெளியே எடுத்தான். இருபதும் ஒரே வரி. 'ஸ்கேனர் கிடைக்கவில்லை, மறுபடி தேடுகிறேன்.'

விஷயம் இவ்வளவுதான். உங்கள் வீட்டுப் படங்களை ஸ்கேன் செய்தோமே ஒரு பழைய ஸ்கேனர், அது வேலை முடிந்த வாரமே உயிரை விட்டது. கழற்றி அலமாரி மேல் வைத்தோம். அதனோடு வந்த மென்பொருளை எடுக்க மறந்துவிட்டோம். அது காலையிலிருந்து மாலைவரை, விநாடிக்குப் பல நூறு தடவை, செத்துப்போன ஸ்கேனரைத் தேடித் தேடி, கிடைக்கவில்லை கிடைக்கவில்லை என்று நோட்டில் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது. விசுவாசமான வேலைக்காரன்தான். போ என்று சொல்ல ஆளில்லை.

லாக்கை மட்டும் அழித்திருந்தால் மூன்று வாரத்தில் மறுபடி இதே கதை. அதனால் முதலில் அந்த மென்பொருளை நிறுத்தி, முறைப்படி 'அன்இன்ஸ்டால்' செய்து, அதன்பிறகு லாக்கை அழித்தோம். மொத்தம் பத்து நிமிட வேலை. இதற்காகத்தான் நான்கு நாள் தாமதம், பதினோரு வீட்டுப் படி, உங்கள் போன்கள் எல்லாம்.

இனி உங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

இந்த ஊரில் எத்தனை வீட்டுப் பிள்ளைகள் விடியற்காலை ரயிலேறி பெங்களூர் போய்விட்டு, ராத்திரி திரும்புகிறார்கள்! வீட்டில் ஒரு கம்ப்யூட்டரோ பழைய லேப்டாப்போ இருக்கும். அதில் பேரப்பிள்ளையின் ப்ராஜெக்ட், மருமகளின் ஆன்லைன் வகுப்பு, கூடவே அப்பாவின் சர்வீஸ் சர்டிபிகேட், பி.எஃப். தாள், குவார்ட்டர்ஸ் காகிதம், சுரங்க ஆஸ்பத்திரி பிறப்புச் சான்று எல்லாம் ஸ்கேன் ஆகிக் கிடக்கும். இடம் தீரும்போது ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கிற பையன் அவசர அவசரமாக எதையோ அழிக்கிறான். எதை அழித்தான் என்று மூன்று மாதம் கழித்து ஏதாவது ஆபீஸில் தாள் கேட்கும்போதுதான் தெரியும். இல்லையா?

அதனால் முதலில் சாக்பீஸ் கோடு. மூன்று நாள் காலை, மாலை எழுதிப் பாருங்கள். ஒரு ரூபாய் செலவில்லை. குறைவதே இல்லை என்றால் கசிவு இல்லை, வெறும் நெரிசல்தான், நிதானமாக ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம். நாளுக்கு நாள் சீராகக் குறைந்தால் எங்களைப் போல ஏதோ ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறது. திடீரென்று ஒரே நாளில் 20 ஜிபி போனால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் விண்டோஸ் பெரிய அப்டேட் ஒன்றைப் போட்டிருக்கும். பழைய விண்டோஸையும் 'விண்டோஸ்.ஓல்ட்' என்று ஓரமாக வைத்திருக்கும். புதியது பிடிக்காவிட்டால் திரும்பிப் போவதற்காக. பத்து நாளில் அதுவே எடுத்துவிடும்.

வேறு எங்கெல்லாம் இடம் போகிறது? லேப்டாப்பில் 'ஹைபர்நேட்' வசதிக்காக விண்டோஸ் ஒரு கோப்பை ஒதுக்கி வைத்திருக்கும்; ராம் எவ்வளவோ அதில் ஏறக்குறைய 40 சதவீதம். 16 ஜிபி ராம் என்றால் ஆறு ஜிபிக்கு மேல். மெமரி போதாதபோது கைகொடுக்க 'பேஜ் ஃபைல்' என்று இன்னொன்று. ஏதாவது கெட்டுப்போனால் பழைய நிலைக்குத் திரும்ப 'ரீஸ்டோர் பாயின்ட்' என்று சில. இவை குப்பை இல்லை. வீட்டில் அரிசி டிரம் இடத்தை அடைக்கிறது என்று தூக்கிப்போடுவோமா?

நான் பார்த்தவரை, வீடுகளில் பெரிய கட்டம் இரண்டு இடத்தில்தான். ஒன்று 'டவுன்லோட்ஸ்' ஃபோல்டர். ஒரே ஆதார் பிடிஎஃப் ஏழு தடவை, ஒரே சினிமா இரண்டு தடவை. இன்னொன்று போனிலிருந்து கொட்டியது. கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் முதல் தேதியோடு அளவில்லாத இலவச இடத்தை நிறுத்தி, மெயில் எல்லாம் சேர்த்து 15 ஜிபி என்று ஆக்கியது ஞாபகமிருக்கிறதா? அதன்பிறகு போன் நிரம்பினால் எல்லோரும் கேபிளைச் சொருகிக் கம்ப்யூட்டரில் கொட்ட ஆரம்பித்தோம். ஏற்கெனவே கொட்டியது இருக்கிறதா என்று பார்க்காமல் மறுபடி மொத்தமாகக் கொட்டுவோம். ஒரே பிறந்தநாள் நான்கு ஃபோல்டரில் நடக்கும்.

பாவம், 'காலை வணக்கம்' படங்களைத்தான் எல்லோரும் திட்டுகிறோம். நம் நாட்டுக் காலை வணக்கப் படங்கள் போன்களை அடைப்பதை 2018 ஜனவரியில் அமெரிக்காவின் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகையே எழுதியது. கூகுளும் அதற்கு முந்தைய மாதம் இடத்தைச் சுத்தம் செய்ய ஒரு செயலியைக் கொண்டுவந்திருந்தது. சின்ன போனுக்கு அது சரி. ஆனால் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வரும் ஒரு ரோஜாப்பூ 200 கேபி என்று வைத்துக்கொண்டால், ஐந்து சேர்ந்தால்தான் ஒரு எம்பி. மச்சினன் கல்யாண வீடியோ, போட்டோகிராபர் கொடுத்தது அப்படியே, 20 ஜிபி. அந்த ஒரு கல்யாணம் ஒரு லட்சம் ரோஜாப்பூவுக்குச் சமம்! அத்தை அனுப்பும் ரோஜாக்களை உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழிப்பதில் ஒரு மத்தியானம் போகும், கோடு நகராது. பெரிய கட்டத்தை முதலில் பாருங்கள் என்று நான் அடித்துக்கொள்வது இதற்குத்தான். கல்யாண வீடியோவை அழிக்கச் சொல்லவில்லை. வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றுக்கு மாற்றுங்கள். மாற்றியபின் இரண்டு மூன்று கோப்பைத் திறந்து ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு இங்கே எடுங்கள்.

ஆண்டர்சன்பேட்டை வாசகி ஒருவர் கோபமாக எழுதியிருந்தார். '1 டிபி டிஸ்க் என்று காசு வாங்கிக்கொண்டு, கம்ப்யூட்டரில் 931 ஜிபிதான் காட்டுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார்.' இல்லை அம்மா, ஏமாற்றவில்லை. தங்க ஊர்க்காரருக்கு இதைச் சொன்னால் உடனே விளங்கும். சுரங்கத்தில் தங்கத்தை அவுன்ஸில் எழுதினார்கள், ஓர் அவுன்ஸ் 31.1 கிராம். நகைக்கடையில் சவரன், அது 8 கிராம். தங்கம் ஒன்றுதான், அளவுதான் வேறு. டிஸ்க் செய்கிறவர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கி எண்ணுகிறார். விண்டோஸ் 1024, 1024 ஆகப் பெருக்கி எண்ணுகிறது, ஆனால் பெயரை மட்டும் அதே 'ஜிபி' என்று போடுகிறது. அங்கேதான் குழப்பம். எங்கள் 238-உம் கடையில் 256 என்று விற்றதுதான்.

இடம் என்பதே பெரிய ஆடம்பரமாக இருந்த காலம் ஒன்று உண்டு. ஐபிஎம் முதல் ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்தது 1956-இல். இரண்டடி அகலத் தட்டுகள் ஐம்பது, எடை ஒரு டன்னுக்குப் பக்கம், கொள்ளளவு 5 எம்பிக்கும் குறைவு. நம் சுரங்கங்களை மைசூர் அரசு கையில் எடுத்துக்கொண்ட அதே வருடம். இன்றைக்கு உங்கள் போன் எடுக்கிற ஒரு நல்ல போட்டோகூட அந்த டன் இரும்புக்குள் அடங்குமா என்பது சந்தேகம். இடம் குறைவாக இருந்தவரை எதை வைப்பது என்று ஆட்கள் யோசித்தார்கள். இப்போது யோசிப்பதே இல்லை, நான் உட்பட.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகவே சொல்கிறேன். 'உங்கள் கம்ப்யூட்டரில் 1,347 பிழைகள்! உடனே சுத்தம் செய்யுங்கள்!' என்று குதிக்கிற விளம்பரங்களைத் தொடாதீர்கள். கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து பேசுகிறோம் என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். சுத்தம் செய்ய விண்டோஸிலேயே வழி இருக்கிறது: செட்டிங்ஸ், அதில் சிஸ்டம், அதில் ஸ்டோரேஜ். தற்காலிகக் கோப்புகள் பட்டியல் வரும். அதிலும் 'டவுன்லோட்ஸ்' என்ற வரி டிக் ஆகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள். மகனின் ஹால் டிக்கெட் அதற்குள் இருக்கலாம். 'விண்டோஸ்' என்ற ஃபோல்டருக்குள் போய்க் கையால் எதையும் அழிக்க வேண்டாம். அதற்குள் 'வின்எஸ்எக்ஸ்எஸ்' என்று ஒன்று பூதம் மாதிரிப் பெரிதாகத் தெரியும். அதைத் தொட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் எழும்பவில்லை என்று கடைக்குத் தூக்கிப் போனவர்களை எனக்குத் தெரியும்.

அதேபோல, கூகுள் போட்டோஸ் செயலிக்குள் போய் ஒரு படத்தை அழித்தால் மேலே மேகத்தில் இருப்பதும் போனில் இருப்பதும் சேர்ந்தே போகும். 'மேலே ஒரு காப்பி இருக்குமே' என்று நினைத்து அழித்து, இரண்டையும் இழந்தவர்கள் ஏராளம். குப்பைத்தொட்டியில் கொஞ்ச நாள் கிடக்கும். அதற்குள் ஞாபகம் வர வேண்டும்.

64 ஜிபி லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஆறுதல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. விண்டோஸ் 11 போடவே குறைந்தது 64 ஜிபி வேண்டும் என்கிறார்கள். அங்கே கசிவைத் தேடுவது வீண், தொட்டியே சின்னது. விலை மலிவு என்று மறுபடி அதை வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

எதை வைத்துக்கொள்வது என்பது உங்கள் வீட்டு விஷயம். நான் எங்கள் அலுவலகத்தில் செய்திருப்பதைச் சொல்கிறேன். வாசகர் கொடுத்த படம், தாள் எதுவானாலும் அன்றைக்கே மூன்று இடம்: கம்ப்யூட்டர், ஒரு வெளி ஹார்ட் டிஸ்க், இன்னொரு டிஸ்க் என் வீட்டு பீரோவில். ஃபோல்டருக்கு 'நியூ ஃபோல்டர்' என்று பெயர் வைக்கிறவருக்கு அன்றைய டீச் செலவு. இதுவரை தம்பி நான்கு தடவை, நான் ஆறு தடவை கட்டியிருக்கிறோம்.

கம்ப்யூட்டருக்கு வெளியே நடப்பதற்கும் ஒரு வரி. ஆடிக் காற்று அடிக்கிறது. சுரங்கக் கழிவு குவிந்த சயனைட் மேட்டுத் தூள் ஜன்னலைச் சாத்தினாலும் வீட்டுக்குள் வந்து படிவது நமக்குப் பழகிப்போன தொல்லை. அது சிபியு பெட்டிக்குள்ளும் போய் மின்விசிறியை அடைக்கும். மாதம் ஒரு தடவை அணைத்து வைத்துத் துடைத்துவிடுங்கள். வெளி ஹார்ட் டிஸ்க்கைப் பெட்டிக்குள் வையுங்கள், டிவி மேல் வேண்டாம்.

பிப்ரவரி சிறப்பிதழுக்கான படங்களை மறுபடி ஸ்கேன் செய்யத் தொடங்கிவிட்டோம். புது ஸ்கேனர் வாங்கியாயிற்று. இன்னும் கொடுக்காதவர்கள் செவ்வாய், வியாழன் மாலை நான்கிலிருந்து ஏழு மணிக்குள் கொண்டுவரலாம். கையோடு ஒரு பென் டிரைவும் எடுத்து வாருங்கள். ஸ்கேன் செய்ததை அங்கேயே உங்களுக்கு ஒரு பிரதி போட்டுத் தருகிறோம். படத்தின் பின்பக்கம் பெயர், ஷாஃப்ட், வருடம் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் எடுத்துக்கொள்வோம். நினைவில் இல்லாவிட்டால் நம் பெரியவரிடம் காட்டுங்கள். முகத்தைப் பார்த்தே எந்த லைன் என்று சொல்லிவிடுகிறார்.

அந்த நோட்டு இன்னும் என் மேஜையில்தான் இருக்கிறது. இன்று காலை 80.2. இதை எழுதி முடித்துப் பார்த்தபோது 80.1.

அன்புடன்,
ஆசிரியர்